மூன்றாம் ஓலைக்கு முன்

பூசை தமிழுக்கு மாறி அப்போது இரண்டொரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு சாமியார் பீடத்தைப் பார்த்துக்கொண்டு லத்தீனில் சொல்லுவார். நாங்கள் பின்னால் முழங்காலில் இருந்து ஜெபமாலை உருட்டுவோம். புரியாத காலத்தில் எனக்கு வேதத்தின் மேல் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. தமிழில் காதில் விழ ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பியது.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஆனால் கேட்டதை லேசில் விடமாட்டேன். மத்தூர்ப் பக்கத்தில் நாலு தலைமுறையாக வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. அப்பா போன பிறகு தங்கச்சிக்கு நான்தான் அப்பன், ஆத்தாள் எல்லாம். அவளுக்கு வயது இருபத்தேழு ஆகிவிட்டது. வந்த இடங்களெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போயின. அந்த வருஷம் கார்த்திகை பாதியில் எங்கள் கோயில் உபதேசியார் ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓசூரில் குடியிருந்து பெங்களூர் ஃபேக்டரிக்குப் போகிறவராம். லேத் வேலை. சாதிசனம் சரி, குணம் தங்கம், எல்லாம் விசாரித்தாகிவிட்டது என்றார் உபதேசியார்.

காபி கொடுத்தேன். மாப்பிள்ளை குடிப்பதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றி, நெஞ்சு, தோள் என்று ஒவ்வொன்றாக, நான் எழுத்துக் கூட்டுவதைப் போலப் போட்டார். பார்த்துக்கொண்டேன். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பேசி முடிச்சாச்சுன்னா இந்த மாசத்துலயே தாலி கட்டிடலாமுங்களே? எனக்கு லீவு கெடைக்கும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் ஆகமன காலத்து முதல் ஞாயிறு. இப்போது திருவருகைக் காலம் என்கிறார்கள். சேசுநாதர் பிறப்புக்கு முன் வரும் அந்த நாலு வாரமும் பீடத்தில் ஊதாத் துணி, வீட்டில் ஒடுக்கம், கோயிலில் கல்யாணம் கிடையாது. எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். ஒரு வேதக்கார ஆம்பிளைக்குத் தெரியாதா?

உபதேசியார் சட்டென்று சிரித்தார். "மாப்ள தமாசு பண்றாரு!"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

கல்யாணம் தை மாசம் என்று முடிவாயிற்று. கோயிலில் ஓலை படிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு, பூசை முடிவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் வாசிப்பார். மூன்றாம் ஓலை முடிந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். முதல் ஓலை படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பமும் அந்தப் பக்கம் ஒரு குடும்பமும் வைத்திருந்த ஆண்கள் அப்போது எங்கள் ஜில்லாவில் உண்டு. பஸ் ஏறினால் பேச்சு மாறிவிடும், கேட்பதற்கு ஆளில்லை. அவசரப்படுகிறவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் என் புத்தி சொன்னது.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. அன்றைக்குச் சுவிசேஷத்தில், சேசுநாதருக்கே ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நாபக அருளப்பர் சிறையில் கிடக்கிறார். ஆற்றங்கரையில் சேசுநாதரை இவர்தான் என்று விரல் நீட்டிக் காட்டினவரே அவர்தான். இப்போது இரண்டு சீஷர்களை அனுப்பி, வரப்போகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்குக் காத்திருக்கணுமா என்று கேட்கச் சொல்கிறார். சேசுநாதர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குருடன் பார்க்கிறான், நொண்டி நடக்கிறான், நீங்கள் கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்.

நான் பூசை முடிந்ததும் சாமியாரிடம் போனேன். "சாமி, அருளப்பருக்கே சந்தேகம் வந்துடுச்சா?"

"அவருக்கு இல்லம்மா. சீஷர்களுக்கு விசுவாசம் வரணும்னு கேக்கச் சொன்னாரு."

எனக்கு அது ஒப்பவில்லை. இருட்டறையில் கிடக்கிறவனுக்குச் சந்தேகம் வராமல், வெளியே வெயிலில் நடக்கிறவனுக்கா வரும்? பெரியவர்கள் பெரியவர்களைக் காப்பாற்றப் பேசுகிற பேச்சு மாதிரி இருந்தது. அதைவிட, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றும் தோன்றியது. நேராகப் பதில் சொல்லாதவர்களை எனக்கு எப்போதும் ஆகாது. அது சேசுநாதராகவே இருந்தாலும் மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது.

ஆனால் ஒன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆள் அனுப்பி விசாரிப்பது பாவமில்லை. அருளப்பரே அனுப்பியிருக்கிறார்.

என் வீட்டுக்காரரையும் உபதேசியாரையும் ஓசூருக்கு அனுப்பினேன். சாயங்காலம் வெற்றிலைச் சிவப்போடு வந்து இறங்கினார்கள்.

"ஒரு கொறையும் இல்ல மே. பிரியாணி வாங்கிக் குடுத்தாரு பாரு, அப்பிடி ஒரு பிரியாணி" என்றார் என் வீட்டுக்காரர்.

"வூட்ட பாத்தீங்களா?"

"பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டாரே. அங்கயே ஓட்டல்ல…"

"வூட்ட பாத்தீங்களான்னு கேட்டேன்."

அவர் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் செருப்பைப் பார்த்தார்.

கிருஷ்ணகிரியில் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கிருஷ்ணகிரியில் இறங்கி, பெங்களூர் பஸ் பிடித்து நானே ஓசூர் போனேன். மார்கழிக் குளிர் அங்கே மத்தியானத்திலும் விடவில்லை. விசாரித்து விசாரித்து ஓட்டு வீட்டு வரிசை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெண், "நிமகெ யாரு பேக்கு?" என்று கன்னடத்தில் கேட்டாள். யார் வேணும் என்கிறாள் என்று புரிந்து மாப்பிள்ளை பேரைச் சொன்னேன். சாம்பல் கையால் கடைசிக் கதவைக் காட்டினாள்.

கூப்பிடாமலே உள்ளே நுழைந்தேன். அப்படித்தான் நுழைய வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தேன்.

பாயில் ஒரு கிழவி. ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டு வாயும் கோணியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் குந்தி ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார். நைட் ஷிப்டாம், பகலில் வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டார்.

என் கண் சும்மா இருக்கவில்லை. பொம்பளைச் செருப்பு இருக்கிறதா, வளையல் இருக்கிறதா, கண்ணாடி ஓரத்தில் சாந்து ஒட்டியிருக்கிறதா என்று தேடியது. ஒன்றுமில்லை. கொடியில் கிழவியின் சேலை மட்டும். சுவரில் குங்குமம் வைத்த மாரியம்மன் படம். அதற்கு அடுத்த ஆணியில் ஒரு ஜெபமாலை.

"யாருடா அது?" என்றாள் கிழவி.

"பொண்ணோட அக்கா" என்று நானே சொன்னேன்.

"ஓ, வேதக்காரியா! என் புள்ளய மயக்கிச் சேத்துக்கிட்டீங்க இல்ல? நான் செத்தா கொள்ளி வெக்க ஆளில்லாமப் பண்ணிட்டீங்க இல்ல? நீங்க நல்லாவே இருக்கமாட்டீங்க."

"நான்தான் வெப்பேன்னு சொல்லியிருக்கேன்ல. வாயத் தொற" என்றார் மாப்பிள்ளை. வழிந்த கூழை விரலால் துடைத்துவிட்டு அடுத்த கரண்டி கொடுத்தார். அவள் அதை விழுங்கிவிட்டுத் திரும்பவும் என்னைத் திட்டினாள்.

வாசலுக்கு வந்து அவர் சொன்னார். போன ஈஸ்டருக்குத்தான் ஞானஸ்நானம். ஃபேக்டரியில் கூட வேலை பார்த்த ஒருவரைப் பார்த்து வேதத்தில் சேர்ந்தாராம். அம்மாவுக்கு நாள் அதிகமில்லை, கல்யாணத்தைப் பார்க்கட்டும் என்றுதான் அவசரம். "ஆகமனத்துல கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலீங்க. புதுசுன்னு தெரிஞ்சா நீங்க ஒத்துக்கமாட்டீங்கன்னு உபதேசியாருதான் பேசாம இருக்கச் சொன்னாரு."

"கொள்ளி நீங்களேதான் வெப்பீங்களா?"

"வெப்பேன்."

அந்தக் காலத்தில் அது லேசான காரியமில்லை. அந்தச் சடங்கைச் செய்கிறவன் பாதியில் நிற்கிறவன் என்றுதான் எங்கள் ஆட்கள் பேசுவார்கள். சாமியார் காதுக்குப் போனால் ஓலை நிற்கும்.

"சாமியார்கிட்ட சொல்லுவீங்களா?" என்றார்.

நான் முந்தானையைச் சொருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. வேறு பெண்டாட்டியை மறைக்கவில்லை, ஆனால் வேதத்துக்குப் புதுசு என்பதை மறைத்திருக்கிறான். ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் கொள்ளி. ஒரு வருஷம்கூட ஆகாத வேதம் நிற்குமா? அம்மா போனபின் எந்தப் பக்கம் சாய்வான்? கண்டதையும் கேட்டதையும் மட்டும் போய்ச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை கூட்டினால் கல்யாணம் நின்றுவிடும். ஒரு வார்த்தை குறைத்தாலும் பழி என்மேல். அந்த இரண்டு சீஷர்களும் வழியில் என்ன பேசிக்கொண்டு போனார்கள், அருளப்பரிடம் எதைச் சொன்னார்கள், கேட்டுவிட்டு அவர் முகம் எப்படி இருந்தது, ஒன்றையும் சுவிசேஷத்தில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

தங்கச்சி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "துணி எங்கக்கா?" என்றாள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூழ், மாரியம்மன் படம், ஜெபமாலை, சாபம், கொள்ளி. என் அபிப்பிராயத்தை மட்டும் நாக்கு நுனியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

"அந்தம்மா திட்டறப்ப அவரு என்னா பண்ணாரு?"

"வாயத் தொடச்சி அடுத்த வாய் ஊட்டுனான்."

"ஒன்ன திட்டுனதுக்கு?"

"அதுக்கும் ஊட்டிக்கினுதான் இருந்தான்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப ஓலையப் படிக்கட்டும்."

"கொள்ளி வெப்பேங்கறான்டி. நாள பின்ன…"

"அவங்க அம்மாவுக்கு அவரு வெக்காம நீயா போயி வெப்ப?"

"சாமியாருக்குத் தெரிஞ்சா?"

"நீ சொன்னாத்தானே தெரியும்." சல்லடையைத் தட்டினாள். "நீ போயி பாத்த. பாத்தத சொல்லிட்ட. கட்டிக்கப் போறது நான்."

நான் சந்தேகப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். மூத்தவளுக்கு அது கடமை.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. எப்படியோ ஊருக்கு வாடை அடித்திருக்கிறது. நான் ஓசூர் போனதும் தெரிந்திருக்கிறது. சாமியார் மூன்றாம் ஓலையைப் படித்துவிட்டு, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். முன் வரிசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். தங்கச்சி மட்டும் பார்க்கவில்லை, பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தொண்டை கரகரத்தது. முந்தானையை வாயில் வைத்து, கண்ணில் நீர் வரும்வரை இருமலை அடக்கிக்கொண்டேன்.