டொலறஸ் சொன்ன வடிவு

ஒரே ஒரு சொல் ஒரு பெண்ணின் வேலையையே பறித்துவிடப் பார்க்குமா? லண்டனின் மிச்சம் என்ற புறநகரில் குடியிருந்த டொலறஸுக்கு 1989 தை மாதத்தில் அதுதான் நடந்தது.

மன்னாரில் இரசாயனம் படிப்பித்தவள் அவள். கணவன் யாக்கோப்புடன் லண்டனுக்கு வந்த புதிதில் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைதான் கிடைத்தது. நான்கே ஆண்டுகளில், அவளில்லாமல் அங்கே ஒன்றும் நகராது என்றாயிற்று.

ஆய்வுகூடத்தின் தலைவர் டொக்டர் பத்ரிநாராயணன் கும்பகோணத்துக்காரர். உயிரணுவுக்குள் புரதங்கள் தனியே உழைப்பதில்லை. பத்து இருபதாகக் கைகோத்துப் பெரிய இயந்திரம்போல் நிற்கின்றன. அப்படி ஒரு கூட்டத்தின் உருவத்தைக் கண்டுவிட வேண்டும் என்பது அவருடைய தவம். மாட்டு ஈரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, எலெக்ட்ரான் நுணுக்குக்காட்டியில் படம் பிடிப்பது டொலறஸின் பொறுப்பு. இரண்டு வருடமாக உடைந்த துண்டுகளைத் தவிர வேறெதையும் அவள் கண்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை, ஆய்வு தொடர்வதா நிற்பதா என்று முடிவுசெய்யும் குழுவின் முன் பேச டொக்டர் எடின்பரோ போயிருந்தார். இடைவேளையில் போன் வந்தது.

“டொலறஸ், படம் என்னாச்சு?”

“வடிவா வந்திருக்கு டொக்டர்! இப்பிடி ஒரு வடிவை நான் இதுவரைக்கும் காணேல்லை!”

ஒரு மாதமாகக் கறை கறையாக வந்த பிலிம் அன்றுதான் பளிச்சென்று வந்திருந்தது. அதைத்தான் சொன்னாள். புரதம் வழக்கம்போல உடைந்து கிடக்கிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மறுமுனையில் ஒரு சந்தோஷக் கூச்சல், தொடர்பு அறுந்தது.

மறுநாள் ஓட்டமும் நடையுமாக வந்து படத்தைப் பார்த்த டொக்டரின் முகம் இருண்டது.

“எங்கேம்மா உருவம்? எல்லாம் தூள் தூளா இருக்கே!”

“உருவம் எண்டு ஆர் சொன்னது? வடிவெண்டெல்லோ சொன்னனான். அழகெண்டு!”

“ஐயோ! நான் வடிவம்னு நினைச்சுண்டேன். உருவம் தெரிஞ்சாச்சுன்னு குழு முன்னாடி சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை நேர்ல பார்க்க வர்றாங்க!”

படம் இல்லையென்றால் மார்ச்சோடு ஆய்வு மூடப்படும். டொலறஸின் வேலையும் போகும்.

“போன் பண்ணித் தப்பா சொல்லிட்டேன்னு ஒத்துக்கறேன்,” என்றார் டொக்டர் மெல்ல.

“வெள்ளி மட்டும் பொறுங்கோ டொக்டர். என்ரை நாக்காலை வந்த வினை.”

புரதம் கெட்டுவிடாமல் குளிர் அறையில் வைத்தே வேலை செய்வது அந்தத் தொழிலின் சட்டம். இரண்டு ஜேர்சியும் கம்பளித் தொப்பியுமாக உள்ளே போனவள், விறைத்த விரல்களைப் பார்த்து விம்மினாள். “மாதாவே, கைவிட்டிட்டியே!” திடீரென்று விம்மல் நின்றது. மாட்டின் உடம்பு சூடல்லவா? அந்தச் சூட்டில் ஒன்றாக இருந்ததை நான் ஏன் கொண்டுவந்து விறைக்க வைக்கிறேன்?

புதன்கிழமை, புது ஈரலோடு குளிர் அறைக்கு வெளியே இருந்த மேசைக்கு வந்தாள்.

“கெட்டுப்போயிடும் டொலறஸ்!”

“இதுக்கு மேலை என்ன டொக்டர் கெடக் கிடக்கு?”

வெள்ளி காலை. இருட்டறையில் நுணுக்குக்காட்டியின் பச்சைத் திரை ஒளிர்ந்தது. வளையங்கள்! ஒன்றல்ல, நூறு. முழுசாக, உடையாமல், ஒவ்வொன்றும் நடுவில் துளையோடு. டொலறஸின் கண்ணீர் திரையை மறைத்தது. பக்கத்தில் குனிந்த டொக்டர் நிமிரவேயில்லை.

“என்ன டொக்டர், ஒண்டும் கதைக்க மாட்டியளோ?”

“அழறேம்மா. கொஞ்சம் இரு.”

குழு வந்து பார்த்தது; ஆய்வுக்கு மேலும் மூன்று வருடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில் டொக்டரின் பெயருக்கு முன்னால் டொலறஸின் பெயர் இருந்தது. யாக்கோப்பு வளையப் படமும் அவள் பெயரும் இருந்த பக்கத்தைப் பிரதியெடுத்து, தான் வேலை செய்யும் பெற்றோல் ஸ்டேஷன் கண்ணாடியில் ஒட்டிவிட்டான். பெற்றோல் அடிக்க வந்த, பங்குக் கோயிலில் பழக்கமான செபமாலைமுத்தர் அதை உற்றுப் பார்த்தார்.

“என்ன யாக்கோப்பு, உளுந்து வடைக்கு விளம்பரமோ?”

“வடையில்லை அண்ணை. என்ரை மனுசி கண்டுபிடிச்சது. கிட்ட வந்து வடிவாப் பாருங்கோ, பேர் போட்டிருக்கு!”