பசுவின் இதயத்துக்கு ஒரு விரல் தூரத்தில்

போன வருஷம் ஆனி மாதம், கல்லிடைக்குறிச்சியில் என் அக்கா வீட்டு மாட்டுத் தொழுவத்தில் நடந்தது இது. நான் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் எக்கோ எடுக்கிற வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மனிதர்களின் இதயம் துடிப்பதைத் திரையில் பார்ப்பதாலோ என்னவோ, எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில்கூட அங்கும் இங்கும் நடந்துகொண்டுதான் இருப்பேன்.

அக்கா எனக்கு நேரெதிர், நிதானம். அத்தான் இறந்த பிறகு அவளுக்குப் பிழைப்பும் பேச்சுத்துணையும் ஒரு பசுதான். ஒருநாள் போனில், "ஏட்டி, மாடு சரியாத் திங்க மாட்டேங்கு. பாலும் சுருங்கிட்டு. மந்தம்தான் போல, இஞ்சியும் ஓமமும் அரைச்சுக் குடுத்திருக்கேன்" என்றாள். எனக்கு மனது கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

நேராகத் தொழுவத்துக்குப் போய்ப் பார்த்தேன். பசு முதுகை வளைத்து, முன்னங்கால்களை நெஞ்சிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நின்றது. படுக்கவே இல்லையா என்று கேட்டேன். ராத்திரியெல்லாம் நின்றபடிதான் இருக்கிறது என்றாள் அக்கா. இதயம் பலவீனமான என் நோயாளிகளும் இப்படித்தான். மல்லாக்கப் படுக்க முடியாமல், மடியில் தலையணையை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். "இது மந்தம் இல்லக்கா, நெஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்லும் முன்பே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன்.

வந்தவர் என்னைவிடச் சின்ன வயதுப் பெண். பசுவின் திமில் பக்கம் தோலைப் பிடித்து அழுத்தினார். நல்ல மாடு என்றால் முதுகைக் கீழே இறக்குமாம். இது இறக்காமல் முனகியது. கம்பி ஏதோ விழுங்கியிருக்கிறது, வயிற்றைக் குத்துகிறது என்றார். நான் விடுவேனா? நெஞ்சுக்கு வைத்தியம் கேட்டால் வயிற்றைச் சொல்கிறாரே என்று வாக்குவாதத்துக்குப் போய்விட்டேன்.

"மாட்டுக்கு வயிறும் நெஞ்சும் ஒண்ணுதாங்க. உங்க நோயாளி வேற, இது வேற" என்று அவர் பசுவின் விலாவில் கை வைத்துக் காட்டினார். மனிதனைப் போலவே மாட்டுக்கும் வயிற்றையும் நெஞ்சையும் ஒரு மெல்லிய தசைத் திரைதான் பிரிக்கிறது. ஆனால் மாட்டின் வயிற்றில் ஒரு பை முன்னால் வந்து, அந்தத் திரையை ஒட்டியே கிடக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் உடனே இதயம். ஆடு பொறுக்கித் தின்னும். குதிரை உதட்டால் துழாவிப் பார்க்கும். மாடு நாக்கைச் சுழற்றி வாரி அப்படியே விழுங்கிவிடும். விழுங்கிய கம்பி அந்தப் பையில் போய்த் தங்கி, வயிறு இறுகும்போதெல்லாம் முன்னால் நகருமாம். இன்னொன்றும் சொன்னார். மாட்டின் இதயத்துக்குள் ஒரு சின்ன எலும்பு உண்டாம். இத்தனை வருஷம் இதயத்தோடு குப்பை கொட்டியும் எனக்கு அது தெரியாது.

அக்கா, "எலும்பு இருந்தா கம்பி ஏறாதுல்லா?" என்று கேட்டாள்.

அந்த எலும்பு மேலே வால்வுப் பக்கம் இருக்கிறது, கம்பி வருவது கீழே என்று டாக்டர் தணிவாகச் சொன்னார். அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கம்பி இதயத்தைத் தொட்டிருந்தால் கழுத்து நரம்பு புடைத்திருக்கும், இன்னும் புடைக்கவில்லை, அதனால் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது என்றவர், மறுநாள் காலையில் ஆளும் கருவியுமாக வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க நான் அந்தக் கழுத்தையேதான் பார்த்தேன். அடுப்படிக்குப் போவேன், பாதியில் திரும்பி வருவேன். நிழல் விழுந்தால் நரம்பு புடைத்தது போலத் தெரியும். "கொஞ்ச நேரம் சும்மா இரேட்டி! நீ பாக்க பார்வையில மாட்டுக்கே பயம் வந்துரும்" என்று அக்கா வைதாள். ஆனால் அவளும் அன்று சாப்பிடவில்லை.

காலையில் பசுவை நிற்க வைத்தே, இடது விலாவை மரத்துப்போகச் செய்து கீறினார் டாக்டர். கையைத் தோள்வரை உள்ளே விட்டுக் கண்ணை மூடித் துழாவினார். நான் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையைப் பசுவின் நெஞ்சில் வைத்திருந்தேன். அடுத்த வீட்டில் யாரோ உரலில் இடிப்பது போல, நிதானமாகக் கனத்துத் துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்தது வருமா என்று பதறினேன்.

வெளியே வந்த கையில் ஒரு மெல்லிய கம்பி. பையைத் துளைத்துத் திரையில் போய்க் குத்தி நின்றிருக்கிறது. இதயத்துக்கு இன்னும் ஒரு விரல் தூரம்தான் என்றார் டாக்டர். கம்பியில் நைந்த நாரும் கொஞ்சம் ஜிகினாவும் சுற்றியிருந்தன. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாலைக் கம்பில்லா இது!"

அந்தத் தெருவில் கல்யாண மாலை, சாமிக்குப் போட்ட மாலை எதையும் குப்பையில் போட மாட்டார்கள். கால்படக் கூடாது என்று அக்காவின் பசுவுக்குக் கொண்டுவந்து கொடுத்து, தொட்டுக் கும்பிட்டுப் போவார்கள். மாலை விறைப்பாக நிற்க உள்ளே கம்பி வைத்துக் கட்டுவதை யாரும் யோசிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். அக்கா விடவில்லை. "யாரைப் போய்க் கேக்க? எல்லாரும் கும்பிட்டுட்டுல்லா குடுத்தாவ."

பசு பிழைத்தது. அது முதன்முதலாகக் காலை மடக்கிப் படுத்து அசைபோட்டபோது இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

அடுத்த முகூர்த்தம் முடிந்து நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று, எதிர்வீட்டு அம்மா மகளின் கல்யாண மாலையோடு வந்தார். யாரிடமும் மறுத்துப் பேசத் தெரியாத என் அக்கா, "இனிமே மாலை வேண்டாம் மதினி" என்று நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா முகம் செத்து, மாலையோடு திரும்பிப் போனார். உறவே முறிந்தது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவரே ஒரு சுளகு நிறைய, அந்த மாலையிலிருந்து உதிர்த்த பூவோடு வந்து நின்றார். விரல்களில் கம்பி கீறிய சிவப்புக் கோடுகள். பாசமாக யாருக்கு எதைக் கொடுக்கப் போனாலும் அந்த விரல்கள்தான் இப்போது நினைவுக்கு வருகின்றன. உள்ளே கம்பி இருந்தால் அது முதலில் என் விரலைக் குத்தட்டும், வாங்குகிறவர் நெஞ்சுவரை போக வேண்டாம்.