ஊசி பட்ட கால்

பதினேழாவது வாரம், வயிற்றில் ஊசி இறக்கிப் பனிக்குட நீர் எடுக்கும் நாளில் எனக்கு இருமல். சொன்னால் பரிசோதனையைத் தள்ளி வைத்துவிடுவார்கள். ஸ்கேனில் ஏதோ சந்தேகம் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இன்னும் காத்திருக்க என்னால் ஆகாது. இருமலை அடக்க நாலு நல்லமிளகைக் கடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் படுத்துவிட்டேன். பாழாய்ப்போன அந்தக் காரமே தொண்டையைக் கிளறியது. ஊசி உள்ளே இருக்கும்போது இருமித் தொலைத்தேன்.

திரையில் குழந்தை வெடுக்கென்று காலை இழுத்தது. தேவையான நீர் அதற்குள் வந்திருந்ததால் டாக்டர் ஊசியை உடனே எடுத்துவிட்டார்.

"பேடிக்கண்டா, பயப்படாத. தொடையில லேசா பட்டிருக்கும். இந்த மாசத்துல தோலு வடு இல்லாம சேர்ந்துரும்."

பள்ளியில் உயிரியல் நடத்துகிற எனக்கா தெரியாது? நமக்குக் காயம் பட்டால் உடம்பு வீங்கிச் சிவந்து, அவசர அவசரமாக நார்களைத் திணித்து ஒட்டுப்போடும். அதுதான் தழும்பு. கருவில் பாதிக்காலம் வரை அந்த வீக்கமே அதிகம் வராது. நார்கள் பழைய பின்னலிலேயே மறுபடி அமைந்துவிடும். நாள் முற்றிய பிறகு பட்டால்தான் தழும்பு விழும். எல்லாம் தெரிந்தும், பாறசாலைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரே நினைப்புதான். தோலுக்கு அடியில் நரம்பில் பட்டிருந்தால்? அறைக்கு வெளியே காத்திருந்த கணவரிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. டெஸ்டே வேண்டாம் என்ற மனிதரைச் சண்டை போட்டுக் கூட்டிப்போனவள் நானல்லவா!

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ஒவ்வொரு உதைக்கும் வயிற்றில் கைவைத்து, இரண்டு காலும் அசைகிறதா என்று ஐந்து மாதம் செத்துப் பிழைத்தேன்.

மகள் பிறந்தாள். குளிப்பாட்ட வரும் அக்கா, நீட்டிய காலில் அவளைக் கிடத்தி எண்ணெய் தேய்த்தபோது, "தொடையைப் பாருங்க அக்கா" என்றேன்.

"என்னத்த பாக்க மக்கா? ஒரு புள்ளி கெடையாது. ரெண்டு காலும் என்னமா ஒதைக்குது! நல்ல பெலமுள்ள பிள்ளையாக்கும்."

எனக்கு அழுகை பீறிட்டது. வாசலில் நின்ற கணவர் பதறி உள்ளே வந்தார். மிளகு, இருமல், ஊசி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் முகம் இறுகியது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்றார். பிறகு மகளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டார்: "எந்தக் காலு?"

"தெரியாது" என்றேன்.

அவர் இரண்டு கால்களையும் தடவிக்கொண்டே இருந்தார்.