முதுகுக்கு உதடு கிடையாது

சீனக்காரர் உதட்டில் தமிழை ஒட்டுவதுதான் என் தொழில். ஒட்டாவிட்டால் யாரும் உதட்டைத் திட்டுவதில்லை, என்னைத்தான் திட்டுவார்கள். எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டே, வேங்கிக்கால் வீட்டிலிருந்து சென்னை டப்பிங் ஸ்டுடியோ ஒன்றுக்கு வசனம் எழுதுகிறேன். இந்த வருஷம் என் உயிருக்கு உயிரான வாள்சண்டைப் படமே வேலையாக வந்து சேர்ந்தது.

அண்ணனைக் கொன்றவனை ஏழு வருஷம் தேடி அலைகிறாள் ஒருத்தி. கடைசியில் மழையில், ஒரு பாலத்தின் மேல், அவன் கழுத்தில் வாளை வைக்கிறாள். பிறகு உறையில் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறாள். அதிலிருந்து மூன்று நிமிஷம் ஒரு பேச்சு கிடையாது, மழை மட்டும்தான். பதினோரு தடவை பார்த்து, பதினோரு தடவையும் அழுதிருக்கிறேன். அந்த மூன்று நிமிஷத்தில் யாரும் கை வைக்காமல் காப்பாற்ற வேண்டும். பிடித்த படத்தை அடுத்தவரிடம் கொடுத்து நொந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் கஷ்டம் புரியும்.

ஜப்பான் வேறு, சீனா வேறு

எங்கள் தெரு ஏழுமலை அண்ணன் ஆட்டோவில்தான் காலேஜிலிருந்து திரும்புவேன். போனில் படத்தை ஓடவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, கராத்தே படமா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கராத்தே ஜப்பான், இது சீனா, இதில் மூச்சுக்கு ஒரு பயிற்சி, காலுக்கு ஒரு பயிற்சி, வாளுக்கு ஒரு பயிற்சி என்று பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்தவள் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நிறுத்தவில்லை. அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னார்: "கராத்தேவுல இவ்ளோ விஷயம் இருக்குதுனு இன்னிக்குதாம்மா தெரிஞ்சுது."

இதழகல்

பாலத்தில் வில்லன் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். "மன்னிச்சிடு" என்று எழுதலாம் என்றால், 'ம'வுக்கு உதடு ஒட்ட வேண்டும். அந்தப் பாவி வாயைப் பிளந்தபடியே கெஞ்சுகிறான். உதடு ஒட்டாமல், குவியாமல் பாடும் செய்யுளுக்கு இதழகல் என்று பெயர். பரீட்சைக்கு மட்டும்தான் உதவும் என்று நினைத்துப் படித்தது. சமையலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு மணி நேரம் வாயைக் கோணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்: "எனக்கினி நீயே கதி." ஓர் இடத்திலும் உதடு படவில்லை. எனக்குப் பக்தி வந்துவிட்டதென்று அம்மா விபூதியை நீட்டினாள். பெருமையோடு அனுப்பிவைத்தேன். ஸ்டுடியோ மேனேஜர் பாஸ்கர் அண்ணன் உடனே போன் பண்ணினார்: "ஏம்மா, வில்லன் கிரிவலம் வந்திருக்கானா?"

முதல் பாகம் எங்கே

படத்துக்கு ஸ்டுடியோவில் வைத்த பேர் 'பழிக்குப் பழி பார்வதி - 2'. பழி வாங்காமல் திரும்பிப் போகிறவளுக்கு இந்தப் பேரா என்று கேட்டேன். அடுத்த சீன் எப்போ வரும் என்று பேச்சை மாற்றினார். சரி, முதல் பாகம் எங்கே என்று கேட்டேன். அதற்கு மட்டும் பாஸ்கர் அண்ணனிடம் பதில் இருந்தது: "ரெண்டுனு போட்டாதாம்மா ஒன்னு நல்லா ஓடுச்சுனு நம்புவாங்க."

மூன்று நிமிஷம்

பயந்தது நடந்தது. "மூணு நிமிஷம் பேச்சே இல்லன்னா டிவி ரிப்பேர்னு சேனலை மாத்திடுவாங்க. வசனம் வை" என்றார் பாஸ்கர் அண்ணன். அவள் வாயே திறக்கவில்லையே என்றேன். "திரும்பி நடக்கிறா இல்ல? முதுகுக்கு உதடு கிடையாது. எவ்ளோ வேணா பேசலாம்." நானும் விடவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் மொத்தப் படமும், அதைக் கெடுத்தால் இனி எழுத மாட்டேன், மீதிப் படங்களை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அவருக்கே மூச்சு வாங்கியது: "ஐயோ, நீ எழுதித் தர்றதுக்கு மேல ஒரு எழுத்து பேச மாட்டாங்கம்மா, போதுமா?"

எனக்குப் போதவில்லை. வெறும் இடம் விட்டால் யாராவது நிரப்பிவிடுவார்களே. அதனால் அவள் திரும்பி நடக்கும் இடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, பெரிய எழுத்தில் 'மௌனம்' என்று எழுதி அனுப்பினேன்.

ஞாயிறு மதியம்

டிவியில் போட்டார்கள். அம்மாவை அடுப்படியிலிருந்து இழுத்து வந்து உட்காரவைத்தேன். பாலம் வந்தது, மழை வந்தது, வாள் உறைக்குள் போனது. அவள் திரும்பினாள். டப்பிங் பேசிய அம்மாள், கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லாமல், அடிவயிற்றிலிருந்து கர்ஜித்தார்: "மௌனம்!"

அதற்குப் பிறகு சத்தியமாக ஓர் எழுத்து பேசவில்லை. பன்னிரண்டாவது தடவையும் அழுதேன்.

மறுநாள் ஆட்டோவில் ஏறியதும் ஏழுமலை அண்ணன் வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்: "கராத்தே படம் சூப்பரும்மா. கடைசில அந்தப் பொண்ணு 'மௌனம்'னு ஒரு அதட்டு அதட்டுச்சு பாரு, அதுக்கப்புறம் அந்த ஊர்லயும் சரி, எங்க வீட்லயும் சரி, ஒருத்தர் வாயத் தொறக்கலியே."

மூன்று நிமிஷ மௌனத்தைக் காப்பாற்றப் புறப்பட்டேன். சேதம் ஒரே ஒரு வார்த்தைதான், அதுவும் அதனுடைய சொந்தப் பெயர்.