பிரிக்பீல்ட்ஸில் அம்மோனியாப் பேச்சு

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூட்டம். முன்பின் தெரியாத ஒருவரின் எதிரே இடம் கிடைக்கிறது. அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிப் பிசைந்துகொண்டிருக்கிறார். நான் ஊரில் உர ஆலையில் அம்மோனியாப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தேன் என்றதும் முகம் சுளிக்கிறார்.

"அதெல்லாம் விஷம் லா, அங்கிள். அந்தக் காலத்துல யாரு யூரியா போட்டா?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறுகிறது. "அந்தக் காலத்துல எரு பத்தாம பயிர் நோஞ்சானா நின்னுச்சு, தம்பி. காத்துல இருக்கிற நைட்ரஜனை ஆலையில அம்மோனியாவா மாத்தக் கத்துக்கிட்ட பிறகுதான் வேண்டிய உரம் கிடைச்சுது. இன்னைக்கு உலகத்துல பாதிப் பேர் அதனாலதான் சாப்பிடுறாங்க."

"சும்மா சொல்லாதீங்க லா" என்றபடி கையை உயர்த்துகிறார். "அண்ணே, சோறு!"

வாளியில் இருந்த மிச்சம் முழுவதும் அவர் இலையில் விழுகிறது.

"உலை வச்சிருக்கு, அங்கிள். கொஞ்சம் பொறுங்க" என்கிறார் பரிமாறுகிறவர்.

நான் முதல் கரண்டிக்கே காத்திருக்கிறேன்.