உப்புக்காற்றுக்குப் பயந்து போட்ட கவர்

எனக்கு எதைக் கண்டாலும் பயம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; இந்த வேலையும் போனால் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்பது எல்லாவற்றிலும் பெரிய பயம். வேலை கொடுத்தவர் அக்காவின் கணவர். சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர், கடலூரில் கடற்கரைக்குப் போகும் சாலையில் இன்னொன்று திறந்து என்னை உட்கார வைத்தார். கூட வேலைக்கு ஒரு பெண். டிகிரி படித்தவள், நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். கணவனுக்கு ஆலையில் சீசன் வேலை. கரும்பு இல்லாத மாதங்களில் அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

2012இன் தொடக்கம். டிசம்பர் கடைசியில் அடித்த புயலில் அறுந்த தொலைபேசிக் கம்பிகள் அப்படியே கிடந்தன. மாமா ஒரு டேட்டா கார்டும், அதைச் செருகினால் நாலு கம்ப்யூட்டருக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ரூட்டரும் வாங்கி வந்தார்.

"மச்சான், போன வருசம் ஒரு கம்ப்யூட்டர உப்புக்காத்துக்குத் தின்னக் குடுத்த. இதுவும் துரு புடிச்சுது, உங்கக்காவோட சேத்து ஒன்னையும் ஊருக்கு அனுப்பிடுவேன்."

அவர் பஸ் ஏறியதும், ஜவுளிக்கடை பாலிதீன் கவர் ஒன்றில் இரண்டையும் சேர்த்துப் போட்டு, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

"அண்ணே, அது சூடாவும். கவர எடுத்துடுங்க" என்றாள் அவள்.

"நீ அப்ளிகேசன பாரும்மா. இது ஒனக்கு வேணாம்."

அன்றிலிருந்து கனெக்சன் நிலையாக நிற்கவில்லை. இருபது நிமிஷம் ஓடும், அறுந்துவிடும். பரீட்சைக்கு விண்ணப்பம் போட வந்தவர்கள் கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு கத்தினார்கள். ஒயரை மாற்றினேன். செட்டிங்கை அழித்துத் திரும்பப் போட்டேன். கார்டைக் கழற்றி, ஊதி, செருகினேன். ஒவ்வொரு முறையும் உடனே வேலை செய்யும், நிம்மதியாகக் கவரை மூடுவேன், மறுபடி போய்விடும். மாமா போனில் ஏசியபோது, வாயில் வந்ததைச் சொன்னேன்: "அந்தப் பொண்ணு பாட்டு டவுன்லோடு பண்ணுது போல மாமா."

சனிக்கிழமை மதியம் ரப்பர் பேண்டு அறுந்தது. வேறு ஒன்று தேடிக் கிடைக்காமல் கவரைத் திறந்தே விட்டேன். கடை மூடும்வரை கனெக்சன் ஒரு தடவைகூடப் போகவில்லை. ரூட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை மாமா வருகிறார். சரியாகிவிட்டது என்றால், என்னடா கோளாறு என்று கேட்பாரே?

திங்கட்கிழமை காலை புது ரப்பர் பேண்டோடு கவரைத் திரும்பப் போட்டேன்.

மாமா வந்தார். அலமாரியைப் பார்த்து, "பரவால்லடா, இதயாவது பத்திரமா வெச்சிருக்க" என்றார். நாற்காலியை இழுத்து அவள் பின்னால் உட்கார்ந்தார். இருபது நிமிஷத்தில் அவர் கண்ணெதிரே கனெக்சன் போனது.

"எந்தப் பாட்டும்மா கேக்குற? நாங்களும் கேக்குறோம், வை."

"சார், நான் ஒண்ணுமே தொடல. அண்ணனக் கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"வூட்ல போய் கேளும்மா பாட்டு. நாளைலேர்ந்து வராத."

அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மாமா பாத்ரூம் போன நேரத்தில் கவரை உருவி மேஜைக்கடியில் போட்டேன். அதன்பிறகு நெட் போகவே இல்லை. மதியம்வரை அலமாரிப் பக்கம் திரும்பாமல் ஸ்கிரீனையே பார்த்திருந்துவிட்டு அவர் சொன்னார்:

"பாத்தியா? அவ போனா, லைன் நிலையா நிக்குது."

"ஆமா மாமா" என்றேன்.

அப்போது அவள் திரும்ப வந்தாள். டிபன் பாக்ஸை மறந்து போயிருந்தாள். அவள் கண் நேராக அலமாரிக்குப் போனது. கவர் இல்லாத ரூட்டரில் பச்சை விளக்குகள் சீராக எரிந்தன.

"எடுத்துட்டீங்களாண்ணே?"

"இன்னாடா கேக்குறா?" என்றார் மாமா.

"டிபன் பாக்ஸு மாமா."

குனிந்து மேஜைக்கடியில் இருந்து எடுத்தேன். பாக்ஸில் சாம்பார் வழிந்திருந்தது. பதற்றத்தில் பக்கத்தில் கிடந்த கவரை எடுத்து அதில் போட்டு நீட்டினேன். ஜவுளிக்கடை பேர் அவள் பக்கம் இருந்தது. ரப்பர் பேண்டு கவரின் காதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாக்ஸை மட்டும் வெளியே எடுத்து, சாம்பார் சேலையில் பட நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கவரை என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.