ஓகே பட்டன் இல்லாத விண்டோ

இன்று பத்மாசினி அக்காவைப் பார்த்தேன். உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காலை வரைக்கும் எனக்கும் தெரியாது. எங்கள் காலேஜில் நடக்கிற கட்டற்ற மென்பொருள் கண்காட்சியில், இரண்டாவது ஹாலின் கடைசியில், பதினாலாம் நம்பர் மேசையில் உட்கார்ந்திருந்தார். மற்ற மேசைகளில் டெஸ்க்டாப் கனசதுரமாகச் சுழல்கிறது, ஜன்னல்கள் தண்ணீர் போல அலையடிக்கின்றன. கூட்டம் எல்லாம் அங்கேதான். இவர் மேசையில் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டு. இரண்டு திரையிலும் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி ஒரு விண்டோ. மேலே ஒரு காலிக் கட்டம், கீழே ஒரு பட்டியல். அவ்வளவுதான்.

"இதுல எங்கக்கா கிளிக் பண்ணணும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் கிளிக் பண்ணக் கூடாதுன்னுதான் தம்பி இதைச் செஞ்சதே" என்றார். "உக்காரு. டீ குடிச்சியா?"

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று வந்ததும் டைப் பண்ணுகிறேன்.

பத்மாசினி அக்கா மதுரை வில்லாபுரத்துக்காரர். வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரா. அப்பா ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, தொண்ணூற்றேழில் விளாங்குடியில் ஒரு டேட்டா கன்வர்ஷன் ஆபீஸில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து அனுப்பும். இங்கே அதைப் பார்த்து அடித்துக் கம்ப்யூட்டர் கோப்பாக்கி அனுப்ப வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே தப்பு. இருபதாயிரம் எழுத்துக்கு ஒரு தப்புதான் அனுமதி.

அடித்து முடித்த கோப்பைச் சுத்தம் செய்ய பெர்ல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகள் உண்டு. ஒன்று அடிக்குறிப்புகளை ஒழுங்குபடுத்தும், ஒன்று அட்டவணைகளை, ஒன்று மேற்கோள்களை. ஒவ்வொன்றும் ஒரு மாட்யூல். இப்படி நாற்பத்து மூன்று. ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் வேறு வேறு மாட்யூல், வேறு வேறு வரிசை. கறுப்புத் திரையில் பெயர் பெயராக அடித்து ஏற்ற வேண்டும். ஆபரேட்டராக இருந்தபோதே அந்த ஸ்கிரிப்டுகளைத் திறந்து பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டவர் அக்கா. இரண்டு வருஷத்தில் ஸ்கிரிப்டுகளைக் கவனிக்கும் வேலையே அவருக்கு வந்துவிட்டது.

"தப்பு எங்க இருக்குன்னு தேடும்போது மனசுக்குள்ள சௌராஷ்ட்ராலதான் திட்டிக்குவேன். ஒருத்தருக்கும் புரியாது. பக்கத்துல இன்னொரு சௌராஷ்ட்ராக்காரி உக்காந்தா மட்டும் மாட்டிக்குவேன்" என்று சிரித்தார்.

அந்த ஆபீஸில் அன்னக்கொடி என்று ஒரு பெண். டி. கல்லுப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பத்தாவதுதான் படிப்பு. ஆனால் அவர் விரல் வேகத்துக்கு அங்கே யாரும் ஈடில்லை. அதனாலேயே அவசர வேலை எல்லாம் அவர் தலையில் விழும். மற்றவர்கள் வாரம் முழுக்க ஒரே பதிப்பகத்தின் வேலையைப் பார்ப்பார்கள்; அன்னக்கொடிக்கு ஒரு நாளில் நாலு பதிப்பகம் மாறும். இரண்டாயிரத்து இரண்டில், மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை, அவர் தவறான மாட்யூலை ஏற்றிவிட்டார். அறுநூறு பக்கச் சட்டப் புத்தகம் ஒன்றில் அடிக்குறிப்பு எல்லாம் இடம் மாறி, அப்படியே வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது.

மேனேஜர் ஹரிநாராயணன் இரண்டு மெமோ கொடுத்துவிட்டார். "மூணாவதுன்னா நானே நெனச்சாலும் காப்பாத்த முடியாதும்மா" என்று சொல்லியும்விட்டார்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அன்னக்கொடி அக்காவிடம் கேட்டாராம், "வேலை போச்சுன்னா வீட்ல தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகச் சொல்லுவாகக்கா. லேபிள் ஒட்டுறதுக்கு எதுக்குக்கா எனக்கு இம்புட்டு வேகம்?"

அக்கா டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார். கறுப்புத் திரையில் நாற்பத்து மூன்று பெயரை ஞாபகம் வைத்து அடிக்கச் சொன்னால் யாருக்கும்தான் தப்பும். கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற மாதிரி ஒரு விண்டோ இருந்தால் தப்பாது என்று அவருக்குத் தோன்றியது. பெர்லிலேயே விண்டோ எழுத வழி இருந்தது. ஐந்து வாரம் உட்கார்ந்து எழுதினார். இடது பக்கம் எல்லா மாட்யூலும். வலது பக்கம் ஏற்றப்போகிறவை. மவுஸால் தள்ளலாம், எடுக்கலாம், வரிசை மாற்றலாம். எந்தக் கோப்பைத் தொட்டாலும் பழையதைப் பத்திரமாக எடுத்து வைக்கும். யார் எதை எப்போது ஏற்றினார்கள் என்று குறித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும்: இந்த மாட்யூல்கள் இன்ன பதிப்பகத்துக்கு உரியவை, உங்கள் கையில் இருப்பது அந்த வேலைதானா? ஆபரேட்டர்களுக்குப் புரிய வேண்டும் என்று எழுத்துரு தேடி அதைத் தமிழிலேயே போட்டார்.

"பிரமாதம்னு நானே என் முதுகைத் தட்டிக்கிட்டேன்" என்றார் அக்கா.

விண்டோ போட்டு நாலாவது நாள், வெள்ளிக்கிழமை. மாலை அனுப்ப வேண்டிய கோப்புகளை மதியம் சரிபார்க்கும்போது ஒன்று கோணலாக இருந்தது. அன்னக்கொடியுடையது. மறுபடி தவறான மாட்யூல். விண்டோ குறித்து வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தார். எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கிறது. அது திரையில் இருந்தது அரை செகண்டு கூட இல்லை.

பழைய கோப்பு பத்திரமாக இருந்தது. யாருக்கும் சொல்லாமல் திரும்ப ஓட்டி அனுப்பியிருக்கலாம். அக்கா நேராக மேனேஜர் ரூமுக்குப் போனார்.

"சார், ஒரு கோப்பு தப்பா ஓடிருச்சு. நாலு மணிக்குள்ள சரி பண்ணிரலாம். தப்பு என்னோட விண்டோ மேலதான்."

"விண்டோ தானா ஓடுச்சா? யாராச்சும் ஓட்டுனாங்களா?"

"அன்னக்கொடி ஓட்டுனா சார்."

"அப்ப இது மூணாவது."

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். என்னன்னு பாத்துட்டு வாரேன்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாராம், "திங்கக்கிழமை காலைல பத்து மணி. அதுக்கு மேல கேக்காதீங்க."

அக்கா போய் அன்னக்கொடி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏ புள்ள, ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு பெட்டி வந்துச்சே, அதுல என்ன போட்டிருந்துச்சு?"

"எந்தப் பெட்டிக்கா?"

"நடுவுல வருமே. ஓகே கேக்குமே."

"ஆமா, கேட்டுச்சு. ஓகே குடுத்தேன்ல."

"அதைப் படிச்சியா?"

அன்னக்கொடி இவரை விநோதமாகப் பார்த்தாராம். "படிக்கக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொல்லிக்குடுத்தீக."

அன்னக்கொடி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவருக்குப் பயிற்சி கொடுத்தது பத்மாசினி அக்காவே. அந்தத் தொழிலின் முதல் விதி அதுதான்: படிக்காதே, பார்த்து அடி. படித்தால் புத்தி குறுக்கே வரும். மூலத்தில் இருக்கிற பிழையைத் தன்னையறியாமல் விரல் திருத்திவிடும். மூலத்தில் எப்படியோ அப்படியே வர வேண்டும். அதனால் எழுத்தைப் பார்க்க வேண்டும், அர்த்தத்தைப் பார்க்கக் கூடாது. மூன்று மாதம் அதைத்தான் பழக்குவார்கள். அன்னக்கொடி அதில் முதல் ஆள். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் போய் நாலு வரி எச்சரிக்கையை வைத்துவிட்டு, படிக்கவில்லையே என்று கேட்டால்?

"நான் அவளுக்காகச் செஞ்சேன்னு நெனச்சேன். உண்மைல எனக்காகத்தான் செஞ்சிருக்கேன். எனக்குப் படிச்சா புரியும், அதனால படிக்கிற மாதிரி செஞ்சுட்டேன்" என்றார் அக்கா.

நான் செய்த ப்ராஜெக்டில் எத்தனை பெட்டி போட்டிருக்கிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வில்லாபுரம் வீட்டில் அக்கா எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. எடுத்துக்கொண்டே இருந்தார். எச்சரிக்கைப் பெட்டி போனது. ஓகே போனது. தள்ளுகிற பட்டன், எடுக்கிற பட்டன் எல்லாம் ஆபரேட்டர் பார்க்கும் விண்டோவிலிருந்து போய், அவருடைய விண்டோவில் மட்டும் மிச்சமிருந்தன. கடைசியில் மேலே ஒரு காலிக் கட்டமும் கீழே ஒரு பட்டியலும்தான் நின்றன. ஒவ்வொரு வேலையும் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரில் வரும். அதன் மேல் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு ஒட்டியிருக்கும். அதை அந்தக் கட்டத்தில் அடிக்க வேண்டும். ஒருவர் அடித்தால் போதாது, ஒரே பக்கத்தை இரண்டு பேர் அடிப்பது போலவே, வேறொருவரும் தன் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அந்த வேலைக்கான மாட்யூல்கள் தானாகப் பட்டியலில் வரிசையாக வந்து நிற்கும். ஒத்துப்போகாவிட்டால் ஒன்றும் நடக்காது. திட்டாது, கேட்காது, சும்மா இருக்கும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹரிநாராயணன் சாரே ஃபோல்டர்களைக் கலைத்துப் போட்டுக் கொண்டுவந்தார். பார்வைக்கு ஒரே மாதிரி குறியீடு உள்ளவையாகப் பார்த்து இருபது. அன்னக்கொடி ஒரு கம்ப்யூட்டரில், பால்பாண்டி இன்னொன்றில். பால்பாண்டி அங்கே சீனியர் ஆபரேட்டர், அரட்டைக்குப் பெயர்போனவர்.

"பட்டனே இல்லாம என்னங்க விண்டோ இது?" என்றார் சார்.

"அவங்க பட்டன் எல்லாம் கீபோர்டுலயே இருக்கு சார்" என்றார் அக்கா.

ஆறு ஃபோல்டர் சரசரவென்று போனது. ஏழாவதில் திரை அசையவில்லை.

"என்னத்தா, கை நடுங்குதா?" என்றார் பால்பாண்டி.

"அண்ணே, உங்க எட்டாவது எழுத்தைப் பாருங்க" என்றார் அன்னக்கொடி, அவர் திரையை எட்டிப் பார்த்து.

பார்த்தார். அவருடையதுதான் தப்பு.

"மேனேஜர் பின்னாடி நிக்கிறார்ல, அதான்" என்று சமாளித்துவிட்டு மறுபடி அடித்தார். திரை நகர்ந்தது. இருபதும் முடிந்தபோது அன்னக்கொடி பக்கம் ஒரு தப்புகூட இல்லை. ஏற வேண்டிய மாட்யூல் மட்டுமே ஏறியிருந்தது.

சார் பட்டியலை இரண்டு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "நாளைல இருந்து எல்லா டேபிள்லயும் போட்டுருங்க" என்றார்.

"சார், அன்னக்கொடி?"

"அவதான் மத்தவங்களுக்குப் பழக்கணும். வேற யாரு?"

அக்கா அன்று சாயங்காலம் வண்டியை எடுத்ததும் பாத்திமா காலேஜ் சிக்னல் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனாராம்.

ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது நூற்றுப் பத்து மாட்யூல். ஆபீஸில் அனுமதி வாங்கி, விண்டோவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சி.டி.யில் போட்டுக் கொடுக்கிறார். சென்னைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள், போகவில்லை. "வில்லாபுரம், விளாங்குடி, நடுவுல முக்கால் மணி நேரம் வண்டி. எனக்கு இது பத்தும்பா" என்கிறார். முகத்தைப் பார்த்தால் அது உண்மை என்று தெரிகிறது.

கிளம்பும்போது என்னையும் எதிரே உட்கார வைத்துக் குறியீடு அடிக்கச் சொன்னார். மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் திரை சும்மாவே இருந்தது. படித்துப் படித்து அடித்தேன், அதுதான் காரணம்.

நாளையும் மாலை ஐந்து மணி வரை கண்காட்சி உண்டு. நாளைக்கு அந்த மேசையில் அன்னக்கொடி அக்காவும் உட்காருகிறார். அந்த விண்டோ நகர இன்னொரு ஆள் வேண்டும், நான் லாயக்கில்லை என்று தெரிந்துவிட்டது. மதுரையில் இருப்பவர்கள் யாராவது போய் அவருக்கு எதிரே உட்காருங்கள். வேகமாக அடிக்கிற ஆள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவருக்கு அனுப்பி, கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.